வைன் சுவைக்கப் போகலாம் வாங்க: முதல்முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் பங்சாரில் தெலாவி பக்கம் இருந்த ஒரு வைன் கடைக்கு என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனது என் மச்சான்தான். மேசையில் ஆறு பாட்டில், ஆளுக்கொரு கிளாஸ், நடுவில் ஒரு கறுப்பு வாளி. ஐஸ் போட வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மதியம் பசியாறாமல் போயிருந்தவன், ஊற்றியது அத்தனையையும் குடித்தேன். ஐந்தாவது வந்தபோது முதல் நான்கில் எது எது என்றே தெரியவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, வாளியை மட்டும் மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். எதிரில் நின்ற சீனப் பெரியவர் குனிந்து, ஒரு சொட்டுக்கூடச் சிதறாமல் அதில் துப்பினார். ஓ, அதுக்கா இது!

நம் குடும்பங்களில் பலருக்கும் குடி என்றால் தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான் ஞாபகம் வரும். ஊற்றினால் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வைன் சுவைப்பது அதற்கு நேர் எதிரான வேலை. அதனால்தான் முதல்நாள் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். (பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பால் வெட்டிய இடத்தில் இன்று வைன் ஊற்றுகிறார்கள்.)

1. எந்த மாதிரி நிகழ்ச்சி?

கடைகள் நடத்துவது பெரும்பாலும் மூன்று விதம். வாரக்கடைசியில் நாலைந்து பாட்டில்களைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது ஒன்று. முன்பதிவு செய்து, பணம் கட்டி, உட்கார்ந்து ஒருவர் விளக்கக் கேட்பது இன்னொன்று. மூன்றாவது, சாப்பாட்டோடு சேர்ந்த விருந்து. முதல்முறைக்கு இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். சும்மா கொடுக்கிற இடத்தில் கூட்டம் இருக்கும், கேள்வி கேட்க முடியாது. விருந்தில் சாப்பாடு நம் கவனத்தைத் தின்றுவிடும்.

தலைப்பையும் பாருங்கள். ஒரே திராட்சை, நாலு நாடு என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யுங்கள். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால்தான் நாக்குக்குப் புத்தி வரும். ஒரே பண்ணையின் வைனை வருடவாரியாக ஊற்றும் நிகழ்ச்சியும் உண்டு. அது பழகியவர்களுக்கு, இப்போதைக்கு வேண்டாம்.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து மலேசியாவில் சட்டம் அப்படித்தான். இளமையான முகம் என்றால் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்புவதற்கு முன்

செண்ட் வேண்டாம். தலையில் மல்லிகைப்பூ வேண்டாம். முக்கியமாக, நெற்றியில் கோடாலித் தைலம் வேண்டாம்! ஒருவர் தடவிக்கொண்டு வந்தால் மேசையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் அன்றைக்கு எல்லா வைனும் தைலம்தான். டுரியான் சீசன் என்றால் அதையும் மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

வயிறு காலியாக இருக்கக்கூடாது. ஆனால் மதியம் வாழையிலைச் சாப்பாட்டை ரசமும் ஊறுகாயுமாக ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால் நாக்கு மரத்திருக்கும். தயிர்ச்சோறு, ரொட்டி, முட்டை மாதிரி சாதுவான ஏதாவது போதும். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைந்துவிட்டது. கிராப் வாடகைக்கார் பிடிப்பதே நல்லது.

வெள்ளைச் சட்டையும் வேண்டாம். ஏன் என்று துப்பும்போது தெரியும்.

3. பார்ப்பது

இதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். சிவப்பு வைன் வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். வெள்ளை வைனோ பொன்னிறமாகக் கறுத்துக்கொண்டு போகும். கிளாஸ் ஓரத்தில் கோடுகோடாக வழிவதை வைத்துத் தரம் சொல்கிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது பெரும்பாலும் ஆல்கஹால் செய்யும் வேலை.

4. முகர்வது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். சளி பிடித்த நாளில் ரசம் வெந்நீர் மாதிரி இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கு சொல்வது கொஞ்சம்தான், மீதியெல்லாம் மூக்கின் வேலை.

முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கிளாஸின் அடியை மேசையிலேயே வைத்து நாலு சுற்று சுற்றி, மறுபடியும். நாய் மோப்பம் பிடிப்பதுபோல் குட்டிக்குட்டியாக இழுத்தால் போதும்.

இப்போது எல்லாரும் பயப்படும் கட்டம்: என்ன வாசனை என்று கேட்பார்கள். புத்தகத்தில் இருக்கும் பிளாக்பெர்ரி, கூஸ்பெர்ரி எல்லாம் நாம் எங்கே பறித்தோம்? வீட்டுச் சாமானிலிருந்தே சொல்லுங்கள். எனக்கு இது புரிந்தது ஷிராஸ் என்ற ஒரு ஆஸ்திரேலியச் சிவப்பு வைனில். முகர்ந்ததும் அம்மா ரசத்துக்கு மிளகு தட்டுகிற சத்தமே காதில் கேட்டது. மெதுவாக "மிளகு" என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று கூச்சம் வேறு. ஊற்றியவர், "சரியாகப் பிடித்துவிட்டீர்களே, மிளகுக்கு அந்த வாசனை கொடுக்கிற ரோட்டண்டோன்தான் இதிலும் இருக்கிறது" என்றார். அது சும்மா உவமை இல்லை, இரண்டிலும் ஒரே பொருள்.

அப்படியே மற்றவையும். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைன் கிடைத்தால் முகர்ந்ததுமே லைச்சிப் பழம், கூடவே பன்னீர் ரோஜா. இன்னொரு வெள்ளை வைனான சோவினியோன் பிளாங்க் என்றால் இப்போதுதான் வெட்டிய புல், கொய்யாக்காய். கபர்னே என்ற சிவப்பு வைனில் வரும் பிளாக்கரண்ட் பழ வாசனைக்கு நமக்குத் தெரிந்த பேர் ரைபினா பானம். ஓக் பீப்பாயில் கிடந்த வைனில் கிராம்பும் வெனிலாவும் வரும்.

பாட்டிலில் ஈர அட்டைப்பெட்டி, மழைக்காலத்துத் துணி அலமாரி மாதிரி நாற்றம் வந்தால் உங்கள் மூக்கைச் சந்தேகப்படாதீர்கள். தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற பொருள் வைனைக் கெடுத்திருக்கும். சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள்.

5. வாயில் வைப்பது

ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, வாய் முழுக்கப் படும்படி கொப்புளியுங்கள். கொஞ்சம் காற்றையும் உள்ளே உறிஞ்சலாம். சூடான தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) உறிஞ்சும் சத்தம் வரும், வைன் மேசையில் அது மரியாதைக்குறைவு இல்லை.

கவனிக்க மூன்று. இனிப்பு இருக்கிறதா? 'டிரை' என்றால் சர்க்கரை அநேகமாக இல்லை என்று அர்த்தம், வாய் உலர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து புளிப்பு: விழுங்கிய பிறகு, மாங்காயைப் பார்த்தமாதிரி கன்னத்தோரம் எச்சில் ஊறினால் புளிப்பு தூக்கல்.

மூன்றாவதில் நாம் முன்னாலேயே பாஸ். வெள்ளைக்காரர்கள் 'டானின்' என்று பக்கம் பக்கமாக விளக்குவது நம் துவர்ப்பு. வாழைப்பூவைச் சரியாக அலசாமல் சமைத்தால், கொட்டைப்பாக்கை மென்றால், ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்து, நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேயிலையிலும் இது உண்டு. கடுந்தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்கி தே தாரிக் வழுவழுவென்று ஆவது பால் புரதத்தின் வேலை. சிவப்பு வைனோடு சீஸ் வைப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்று, சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' குடிக்கவேண்டும் என்பார்கள். அது குளிர்தேசத்து அறை, 16, 18 டிகிரி. நம் ஊரில் மதியம் அறையே 30ஐத் தாண்டும். சூடான சிவப்பில் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும். கொஞ்சம் குளிர வைத்துத் தரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

6. துப்புவது

கணக்கைப் பாருங்கள். ஒரு வைனுக்கு 50 மில்லி, ஆறு வைனுக்கு 300. ஒரு பாட்டில் 750. எல்லாவற்றையும் விழுங்கினால் பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கை ஒண்டியாக முடித்திருப்பீர்கள், ஒன்றரை மணிநேரத்தில்.

வெற்றிலை போட்ட தாத்தா பாட்டி வீட்டில் பித்தளைப் படிக்கம் இருந்திருக்கும். அவர்கள் துப்பியதுபோலத்தான்: உதட்டைக் குவித்து, குனிந்து, தயங்காமல் ஒரே வீச்சில். தயங்கினால் தாடையில் வழியும். வீட்டில் குளிக்கும்போது தண்ணீரை வைத்து நாலு நாள் பழகுங்கள், சிரிக்காதீர்கள், நான் பழகினேன். பிடித்திருப்பதில் ஒரு வாய் விழுங்கலாம். கிளாஸில் மிஞ்சியதையும் வாளியிலேயே கொட்டலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

7. எழுதிவைப்பதும் வாங்குவதும்

பாட்டிலின் முகப்பைப் படம் எடுத்து, கீழே இரண்டே வார்த்தை: "மிளகு, துவர்ப்பு அதிகம்." போதும். வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, கடை முதலாளி தவுக்கே முறைக்க மாட்டார். வாங்குவதென்றால் விலையைச் சொல்லி, எந்தக் கறியோடு என்றும் சொல்லுங்கள். மிளகாய்க் காரத்தைத் துவர்ப்பும் ஆல்கஹாலும் இன்னும் ஏற்றிவிடும். கோழி வறுவலுக்குக் கனத்த சிவப்பைத் திறந்து நாக்கு எரிந்து உட்கார்ந்தவன் சொல்கிறேன், இலேசாக இனிக்கிற ரீஸ்லிங் வெள்ளை வைன் கேளுங்கள். மீன் தலைக் கறிக்கும் அதுவே.

வீட்டில் பாதி மிஞ்சினால் மூடி, சிவப்பாக இருந்தாலும் குளிர்பெட்டியில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். நான் இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் நிற்க வைப்பேன். அம்மா ஒருமுறை கண்டுபிடித்து, என்ன இது என்றார். வினிகர் என்றேன். பிறகு மறந்தே போனேன். அடுத்த மாதம் திறந்து பார்த்தபோது நான் சொன்னது பொய்யில்லை.