நகரத்துக் கிரிக்கெட் மைதானத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: சேப்பாக்கத்தை முன்வைத்து

ஒரு மைதானத்தின் வரலாற்றை எழுத முனைபவர் அங்கு நடந்த முதல் டெஸ்டிலிருந்து தொடங்குவதைவிட, அந்த நிலம் யாருடையதாக இருந்து யார் கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. சேப்பாக்கம் ஆற்காட்டு நவாபின் அரண்மனையைச் சார்ந்த பகுதி. 1855இல் நவாப் வாரிசின்றி மறைந்த பின் அரண்மனை ஆங்கிலேய அரசின் வசம் போனது. 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860களில் இங்கே இடம்பெயர்ந்தது. மைதானம் நிறுவப்பட்ட ஆண்டு 1916 என்றே பலரும் எழுதுகிறார்கள். கிளப் பிறந்த ஆண்டு, அங்கே ஆட்டம் தொடங்கிய காலம், மைதானத்துக்குச் சொல்லப்படும் ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளாவிட்டால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும். நிலம் கைமாறிய விவரங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும், பழைய நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகத்தையும் நாடலாம். கிரிக்கெட் நிர்வாகி எம். ஏ. சிதம்பரத்தின் பெயர் மைதானத்துக்குப் பிற்காலத்தில்தான் வைக்கப்பட்டது என்பதால், பழைய இதழ்களில் கிளப்பின் பெயரைக் கொண்டே தேட வேண்டும்.

அடுத்தது ஆட்டங்களின் பட்டியல். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஸ்கோர்கார்டில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் அது சேப்பாக்கம்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது மாநகராட்சி விளையாட்டரங்கில், அதாவது இன்றைய நேரு ஸ்டேடியத்தில். அப்போது அங்கே சென்ற டெஸ்டுகள் 1967 ஜனவரியில்தான் சேப்பாக்கத்துக்குத் திரும்பின. அந்த 413 ரன் ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் பார்த்ததாக ஒரு பெரியவர் மனமாரச் சொன்னாலும், அவர் நினைவை மதித்துக் கேட்டுக்கொண்டு, எந்த மைதானம் என்பதை அன்றைய நாளிதழில் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஸ்கோர்கார்டு சொல்லாததையும் நாளிதழ் சொல்லும். சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற 1952ஆம் ஆண்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் நடந்தது பிப்ரவரி 6, 8, 9, 10 ஆகிய நாட்களில். 7ஆம் தேதி ஏன் விடுபட்டது என்று தேடினால், முதல் நாளன்று இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜ் மறைந்ததும் மறுநாள் ஓய்வு நாளாக்கப்பட்டதும் தெரியவரும். மன்கட் 108 ரன் கொடுத்து 12 விக்கெட் வீழ்த்த, இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. இந்தச் சாதனையோடு அந்த ஒரு நாள் இடைவெளியையும் சேர்த்து எழுதினால்தான் ஆட்டம் அதன் காலத்தில் நிற்கும்.

டெஸ்டுகளின் ஒளியில் உள்நாட்டு ஆட்டங்கள் மறைந்துவிடக் கூடாது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று மெட்ராஸுக்கும் மைசூருக்கும் இடையே இங்கேதான் நடந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, மெட்ராஸ் ஒரே நாளில் வென்றது. என் கணிப்பில், சேப்பாக்கத்தின் பெருமைகளில் உரிய அளவு பேசப்படாதது இதுவே.

கட்டடங்களின் காலத்தைக் கணிக்கப் புகைப்படங்கள் உதவும். ஆனால் அவற்றைப் பொருள்கொள்வதில் நிதானம் வேண்டும். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, அதன் பிறகே மீண்டும் ரசிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அந்த இடைக்காலப் படங்களில் தெரியும் காலி இருக்கைகளைப் பார்த்துக் கூட்டம் வரவில்லை என்று எழுதிவிடாமல், படத்தின் கீழேயே காரணத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.