ஒரு கைதட்டலில் தொடங்கி: சிக்னலும் லீனியர் சிஸ்டமும்

சிக்னல் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் தொகையீட்டுக் குறிகளைப் பார்த்து மிரண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குறிகளைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

படி 1: காய்ச்சல் அட்டவணை

காய்ச்சலில் படுத்திருப்பவரின் உடல் வெப்பத்துக்கு எந்தக் கணத்திலும் ஓர் அளவு உண்டு. 6 மணிக்கும் 6.01க்கும் நடுவில் எந்த நொடியைக் கேட்டாலும் பதில் இருக்கும். இப்படி நேரத்தோடு மாறும் ஓர் அளவைத்தான் சிக்னல் என்கிறோம்; எல்லாக் கணத்திலும் மதிப்பு இருப்பதால் இது தொடர் சிக்னல். நர்ஸ் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து 101, 102, 100, 99 என்று எழுதுகிறார். இது தனித்த சிக்னல். ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள்.

தனித்த சிக்னலில் இரண்டாவது சாம்பிளுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மதிப்பு என்ன? பூஜ்யம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அங்கே மதிப்பு என்ற பேச்சே கிடையாது.

படி 2: எத்தனை முறை அளப்பது?

தினமும் காலை 6 மணிக்கு மட்டும் அளந்தால், சாயங்காலம் ஏறி இரவில் இறங்கும் காய்ச்சல் அட்டவணையில் வரவே வராது. ஒலியிலும் இதே ஆபத்துதான். வினாடிக்கு 7,000 முறை அதிரும் ஒரு கொசைன் அலையை வினாடிக்கு 8,000 சாம்பிள் வீதம் எடுத்துப் பாருங்கள். 1,000 முறை அதிரும் அலை தரும் அதே எண்கள் வந்து நிற்கும். அப்புறம் எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் சிக்னலில் உள்ள மிக வேகமான அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது விதி. நைக்விஸ்ட், ஷானன் என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரிலும் இதைச் சொல்வார்கள். நம் காதுக்கு எட்டுவது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை; இசை சிடியில் வினாடிக்கு 44,100 சாம்பிள் இருப்பது இதனால்தான்.

படி 3: இந்த சிஸ்டம் லீனியரா?

ஒரு சிக்னலை வாங்கி இன்னொரு சிக்னலைத் தருவது எதுவானாலும் சிஸ்டம். அது லீனியரா என்று பார்க்க இரண்டு கேள்விகள். உள்ளீட்டை மூன்று மடங்காக்கினால் வெளியீடும் சரியாக மூன்று மடங்காகிறதா? இரண்டு உள்ளீடுகளைக் கூட்டிக் கொடுத்தால், தனித்தனியே வந்த வெளியீடுகளின் கூட்டல் கிடைக்கிறதா?

இங்கேதான் நன்றாகப் படிப்பவர்களும் சறுக்குகிறார்கள். 'உள்ளீட்டை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு' என்ற சிஸ்டத்தை எடுங்கள். வரைபடத்தில் நேர்கோடு, எனவே லீனியர் என்று தோன்றும். சோதிப்போம். 1 கொடுத்தால் 3, 2 கொடுத்தால் 5, கூட்டினால் 8. ஆனால் 1ஐயும் 2ஐயும் கூட்டி 3ஆகக் கொடுத்தால் வருவது 7. தேறவில்லை! கடைசியில் கூட்டிய அந்த ஒன்றுதான் கெடுக்கிறது. லீனியர் சிஸ்டத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால் பூஜ்யம்தான் வர வேண்டும். ஒரு சிஸ்டம் கையில் கிடைத்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 4: கைதட்டல்

சாமான் ஏதும் இல்லாத காலி அறையில் ஒரே ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய சத்தமும், பின்னாலேயே தேய்ந்த எதிரொலியும் கேட்கும். கணக்குக்காக, தட்டலின் அளவு 1, அடுத்த சாம்பிளில் எதிரொலி 0.5, அதோடு முடிந்தது என்று வைப்போம். இந்த 1, 0.5 தான் அறையின் இம்பல்ஸ் பதில், அதாவது அளவு 1 உள்ள ஒரே ஒரு தட்டலுக்கு அறை தரும் பதில்.

இதே அறையில் 2, 1, 3 என்ற அளவுகளில் அடுத்தடுத்து மூன்று முறை தட்டினால் என்ன கேட்கும்? ஒவ்வொரு தட்டலையும் தனியாக எழுதி, ஒரு கட்டம் தள்ளித் தள்ளி வையுங்கள்:

முதல் தட்டல்: 2, 1, 0, 0
இரண்டாவது: 0, 1, 0.5, 0
மூன்றாவது: 0, 0, 3, 1.5
மேலிருந்து கீழே கூட்டினால்: 2, 2, 3.5, 1.5

இவ்வளவுதான் கன்வல்யூஷன். கூட்ட முடிந்தது, அறை லீனியர் என்பதால். ஒரே வரிசையைத் தள்ளி வைக்க முடிந்தது, இப்போது தட்டினாலும் அடுத்த நொடி தட்டினாலும் அறை ஒரே மாதிரி பதில் சொல்லும் என்பதால். இதைக் காலமாறா இயல்பு என்பார்கள். இந்த இரண்டும் இருந்துவிட்டால், ஒரு தட்டலுக்கான பதில் தெரிந்த உடனே, எந்தப் பாட்டுக்கும் எந்தப் பேச்சுக்கும் அந்த அறையின் பதிலைக் கணக்கிட்டுவிடலாம். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒலிப்பதிவாளர்கள் பெரிய மண்டபத்தில் பலூனை உடைத்துப் பதிவு செய்துகொண்டு, ஸ்டூடியோவில் பாடிய குரலுக்கு அந்த மண்டபத்தின் முழக்கத்தைச் சேர்ப்பதும் இதே கூட்டலை வைத்துத்தான்.

படி 5: நீங்களே போடுங்கள்

இம்பல்ஸ் பதிலை 1, -1 என்று மாற்றி, அதே 2, 1, 3ஐக் கொடுத்துப் பாருங்கள். 2, -1, 2, -3 வந்தால் சரி. அப்புறம் காய்ச்சல் அட்டவணையையும் இதில் போடுங்கள். இரு முனைகளில் வரும் எண்களை விட்டுவிட்டுப் பார்த்தால் 1, -2, -1 என்று இருக்கும்: ஒரு டிகிரி ஏறியது, இரண்டு இறங்கியது, இன்னும் ஒன்று இறங்கியது.