அட்மிஷன்: உள்ளே விடுவதா, ஒப்புக்கொள்வதா? வியட்நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை

வியட்நாமியருக்கு ஆங்கிலம் எடுப்பவராக இருந்தால் 'அட்மிஷன்' என்ற சொல்லில் என்றாவது ஒருநாள் உங்கள் வகுப்பு முட்டிக்கொண்டு நிற்கும். என் வகுப்பு நின்றது 'அட்மிஷன் ஆஃப் கில்ட்' (குற்றத்தை ஒப்புக்கொள்வது) என்ற இடத்தில். ஒரு மாணவி அதைக் 'குற்றம் செய்ய அனுமதி' என்று எழுதிக் கொண்டுவந்தார். அவர்மேல் தப்பே இல்லை. அதுவரை அவர் பார்த்த அட்மிஷன் எல்லாம் பல்கலைக்கழகச் சேர்க்கைதான், அதாவது அவர்கள் மொழியில் 'துயென் சின்'. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருக்கிற எந்த வியட்நாம் வீட்டிலும் அடிக்கடி அடிபடுகிற சொல் அது.

முதலில் ஒன்று. 1. நுழைவு, 2. ஒப்புதல் வாக்குமூலம் என்று பலகையில் இரண்டு வரி எழுதிப் போடாதீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வில் மாற்றி எழுதினார்கள். அட்மிட் என்ற வினையிலிருந்து தொடங்குங்கள். லத்தீன் வேரைப் பார்த்தால் 'அட்' என்பது ஒன்றை நோக்கி, 'மித்தெரே' என்பது அனுப்புவது அல்லது போக விடுவது. ஓர் ஆளை உள்ளே விட்டால் அது நுழைவு. அதுவரை வேண்டாம் வேண்டாம் என்று வெளியே நிறுத்தி வைத்திருந்த ஓர் உண்மையைக் கடைசியில் உள்ளே விட்டால் அது ஒப்புதல். கதவு ஒன்றுதான்.

இதை விளக்க ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அவர்கள் மொழியிலேயே 'ஞன்' இருக்கிறது. (அதன் தொனி தமிழ் எழுத்தில் வராது, மாணவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.) பரிசு வாங்குவதும் ஞன், பள்ளி மாணவரைச் சேர்த்துக்கொள்வதும் ஞன், 'ஞன் லோய்' என்றால் தன் தவறை ஏற்றுக்கொள்வது, 'தூ ஞன்' என்றால் செய்ததை வாய்விட்டு ஒப்புக்கொள்வது. நம்முடைய 'ஏற்றுக்கொள்' கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது: ஆளையும் ஏற்கலாம், பழியையும் ஏற்கலாம். இதைச் சொன்னதும் அந்த மாணவி நோட்டில் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மேலே 'ஞன்' என்று ஒரே சொல்லை எழுதி, அதிலிருந்து இரண்டு அம்புக்குறி போட்டார். அதற்கப்புறம் எல்லா வகுப்பிலும் அந்த அம்புக்குறிப் படத்தைத்தான் நான் வரைகிறேன்.

சரி, ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். 'டு' வந்து அதற்கப்புறம் கல்லூரி, அருங்காட்சியகம், மருத்துவமனை என்று ஓர் இடம் வந்தால் நுழைவு. 'ஆஃப்' வந்து அதற்கப்புறம் குற்றம், தோல்வி, பொறுப்பு மாதிரி ஒன்று வந்தால் ஒப்புதல். 'தட்' வந்தாலும் ஒப்புதல்தான். இதில் ஒரு பொறி உண்டு: 'ஹிஸ் அட்மிஷன் டு த போலீஸ்' என்றால் அவர் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார் என்று பொருள் இல்லை, போலீஸிடம் ஒப்புக்கொண்டார் என்றுதான் பொருள். அதனால் 'டு'வை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் அடுத்து வருவது இடமா ஆளா என்றும் பார்க்கப் பழக்குங்கள்.

'ஆன்' (an) என்ற ஆர்ட்டிகிள் போடுவதிலும் சிக்கல் வரும். நுழைவு என்ற பொருளில் 'அட்மிஷன் இஸ் ஃப்ரீ' என்று சும்மா நிற்கும், ஒப்புதலில் 'ஆன் அட்மிஷன் ஆஃப் ஃபெயிலியர்' என்று 'ஆன்' சேரும். வியட்நாம் மொழியில் ஆங்கிலத்தைப் போல ஆர்ட்டிகிள் கிடையாது என்பதால் இது விதியாகச் சொன்னால் நிற்காது, முழுத்தொடராகவே வாயில் ஏற்றிவிடுங்கள்.

வினைக்கு வந்தால் மருத்துவமனை வாக்கியம்தான் எனக்குப் பிடித்த பயிற்சி. 'ஷி வாஸ் அட்மிட்டட் டு ஹாஸ்பிடல்', 'ஷி அட்மிட்டட் த மிஸ்டேக்' இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதலாவதில் 'வாஸ்' இருக்கிறது, அவரை யாரோ சேர்த்தார்கள். இரண்டாவதில் அவரே வாய் திறக்கிறார். அப்புறம் 'அட்மிட்டட் டேக்கிங் த மணி' என்றுதான் வரும், 'அட்மிட்டட் டு டேக்' வராது. வியட்நாம் மொழியில் வினைச்சொல் உருமாறுவதே இல்லை என்பதால் இந்த 'இங்' பலருக்கும் விட்டுப்போகும், பொறுமையாகத் திருத்துங்கள்.

உச்சரிப்பில் அழுத்தம் 'மி'யில் விழ வேண்டும். அவர்கள் மொழியில் ஒவ்வோர் அசையும் தனித்தனியாக நிற்பதால் மூன்றையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுவார்கள். ஹனோய்க்காரர்கள் பேச்சில் 'ஷ' ஒலி பெரும்பாலும் 'ஸ' ஆகிவிடும், அதனால் 'அட்மிஸன்' என்று கேட்கலாம். அது பெரிய குறையில்லை, புரிந்துவிடும். 'அட்மிட்டட்' என்பதன் கடைசி அசையை விழுங்குவதுதான் பெரிய குறை, ஏனென்றால் நடந்து முடிந்தது என்பது அந்த அசையில்தான் இருக்கிறது. அங்கே மட்டும் விடாதீர்கள்.

'கன்ஃபெஷன்' எங்கே என்று கேட்பார்கள். அது இன்னும் கனமானது, பாவமோ குற்றமோ முழுதாகச் சொல்லி இறக்கி வைப்பது. 'எனக்கு நீச்சல் தெரியாது' என்று தயங்கி ஒத்துக்கொள்வதற்கு அட்மிஷன் போதும். கதவில் தொங்கும் 'நோ அட்மிட்டன்ஸ்' பலகையில் ஒப்புதல் என்ற பொருளே கிடையாது, 'உள்ளே வராதே' என்பது மட்டும்தான்.