லாக்அப் மரணச் செய்தி: நிருபர்கள் சறுக்கும் இடங்கள்

'கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்', 'திடீர் நெஞ்சுவலி' என்று வாட்ஸ்அப்பில் வரும் போலீஸ் குறிப்பை அப்படியே முதல் பத்தியாக்கிவிடுகிறார்கள். அது ஒரு தரப்பின் கூற்று. 'என்கிறது போலீஸ்' என்று சேர்க்கச் சோம்பல்படக் கூடாது. இறந்தவர் மீது எத்தனை வழக்கு என்ற பட்டியலும் அதே குறிப்பில் வரும். அவர் எப்படி இறந்தார் என்பதற்கு அது பதில் அல்ல.

பெரும்பாலான செய்திகள் கோட்டை விடுவது நேரக்கணக்கில். கைதுக் குறிப்பில் உள்ள நேரத்தை நம்பி எழுதுகிறார்கள். வீட்டிலிருந்து கூட்டிப்போனது முந்தின நாள் மாலையாகவும், கைது காட்டியது மறுநாள் காலையாகவும் இருக்கலாம். நடுவில் உள்ள அந்த இரவுதான் செய்தி. தெருக்கடை கேமரா, குடும்பத்தாரின் போன் அழைப்புப் பதிவு, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, ரிமாண்டுக்கு முன் டாக்டர் தந்த உடற்தகுதிச் சான்று, சிறையில் சேர்க்கும்போது காயங்களைக் குறித்த பதிவேடு என எல்லாவற்றையும் மணி, நிமிடத்தோடு ஒரே தாளில் அடுக்குங்கள். எங்கே முரண்படுகிறதோ அங்கே தோண்டுங்கள். கடை கேமராவில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், முதல் நாளே போய்விட வேண்டும்.

ஸ்டேஷன் கேமராவும் அப்படித்தான். 2020 ஜூனில், தந்தையும் மகனும் காவலில் இறந்த வழக்கில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பதிவுகளை 18 மாதம், அதற்கு வசதியில்லாத கருவி என்றால் குறைந்தது 1 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆகவே 'கேமரா பழுது' என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்தத் தேதியில் பழுதானது, யாருக்கு எழுத்தில் தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது போஸ்ட்மார்ட்டம். 'இதயம் நின்று மரணம்' என்பது காரணமே அல்ல; எல்லா மரணமும் அப்படித்தான் முடிகிறது. 'வெளிக்காயம் இல்லை' என்பதை 'அடிக்கவில்லை' என்று படிப்பது இன்னும் மோசம். உள்ளங்காலிலும் புட்டத்திலும் லத்தியால் அடித்தால் தோல் கிழியாமலே அடித்தசையில் ரத்தம் கட்டும். கீறிப் பார்த்தால்தான் தெரியும். அந்த இடங்களைக் கீறினார்களா, முழுவதும் வீடியோ எடுத்தார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். உள்ளுறுப்பு ஆய்வு நிலுவையில் இருந்தால், நிலுவை என்றே எழுதுங்கள்.

'ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு உத்தரவு' என்று எழுதுவது பழைய கைப்பழக்கம். போலீஸ் காவலில் மரணம் என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 196(2)படி (முன்பு சி.ஆர்.பி.சி. 176(1ஏ)) நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. மட்டும் வந்திருந்தால் அதுவே ஒரு கேள்வி.

புள்ளிவிவரத்தில் கலப்படம் சகஜம். போலீஸ் காவல் மரணம் 2021இல் 88 என்றது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2021-22இல் 175 என்றது தேசிய மனித உரிமை ஆணையக் கணக்கு. ஒன்று நாட்காட்டி ஆண்டு, மற்றது நிதியாண்டு. திரட்டும் வழியும் வேறு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது. ரிமாண்டுக்குப் பின் சிறையிலோ மருத்துவமனையிலோ இறந்தவர் நீதிமன்றக் காவல் கணக்கில் ஏறிவிடுவார், அடி ஸ்டேஷனில் விழுந்திருந்தாலும்.