சோலார் போடலாமா? முதலில் கரண்ட் பில்லைப் பாருங்கள்

மாடியில் சோலார் பேனல் போட்டால் லாபமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது? ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் எடுத்துப் பாருங்கள், கோடை மாத பில்லை மட்டும் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்கு சோலார் தேவையே இல்லை, மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். 500-ஐத் தாண்டினால் கதை வேறு. மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். சோலார் குறைப்பது அந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான்.

ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 700. ஆயிரம் யூனிட் பில் 300 யூனிட்டுக்கு இறங்கும். மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் என்ற வீட்டு சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். மானியம் போக உங்கள் கைக்காசு எவ்வளவோ, அதை வருட மிச்சத்தால் வகுங்கள். ஐந்து வருடத்துக்குள் வந்தால் தாராளமாகப் போடலாம். எட்டைத் தாண்டினால் நான் போடமாட்டேன், நடுவில் இன்வெர்ட்டரை (பேனல் தரும் கரண்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) புதிதாக வாங்கும் செலவும் வரக்கூடும்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழுகிறதா என்று காலையிலும் மாலையிலும் மாடியேறிப் பாருங்கள். இன்னொன்று, பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்.