சீட்டு கை கொடுக்காத நாலு மாதம்

நான் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நர்ஸ். வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் கார்டு ரூமில் (சீட்டாட்டக் கூடம்) 1/3 நோ-லிமிட் ஹோல்டெம் மேஜையில் ஆறு மணி நேரம் உட்காருவேன். ஹோல்டெம் என்பது போக்கரில் ஒரு வகை, 1/3 என்றால் கட்டாயப் பந்தயம் 1 டாலரும் 3 டாலரும். போன வருடம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 11 பை-இன் (மேஜையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) தோற்றேன். ஒரு பை-இன் 300 டாலர், ஆக 3,300. வாடகைப் பணத்தில் கை வைக்காமல் தப்பித்தேன் என்றால், ஜெயித்துக்கொண்டிருந்தபோதே எழுதி வைத்த கணக்குதான் காரணம்.

போக்கர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும் (என்னுடையது வெள்ளி மாலை அரிசி டப்பாவுக்குள் போய்விடும்). என் இருப்பு 9,000, அதாவது 30 பை-இன். 6,000-க்குக் கீழே போனால் 1/2 மேஜைக்கு இறங்குவது என்று நோட்டில் எழுதியிருந்தேன். அங்கே பை-இன் 200 என்பதால் மறுபடி கிட்டத்தட்ட 30 பை-இன் கையில் இருக்கும். 5,700-ல் இறங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இறங்கினால் ஆட்டத்தையும் மாற்ற வேண்டும். கலிஃபோர்னியாவில் மேஜை நடுவில் சேரும் பந்தயப் பணத்தில் கார்டு ரூம் சதவீதம் எடுக்க முடியாது. ஒரு கைக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் சுற்று) இவ்வளவு என்று நிலையான கட்டணம். சேரும் பந்தயப் பணம் சின்னதாக இருந்தால் அது அதிகம் கடிக்கும். அதனால் சுமாரான சீட்டோடு நுழைவதைக் குறைத்தேன்.

இது துரதிர்ஷ்டமா, என் தப்பா? மணிக்குச் சராசரி 15 டாலர் ஜெயிப்பவர், மணிக்கு ஏற்ற இறக்கம் (புள்ளியியலில் திட்ட விலக்கம்) 250 என்று வைத்துக்கொள்வோம். 100 மணி நேரத்தில் எதிர்பார்ப்பு 1,500, ஏற்ற இறக்கம் 2,500 (இது நூறு மடங்கு ஆகாது, நூறின் வர்க்கமூலமான பத்து மடங்குதான்). நன்றாக ஆடியும் நஷ்டத்தில் நிற்க நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. வாரம் ஆறு மணி நேரம் ஆடுகிறவருக்கு அந்த 100 மணி என்பது நாலு மாதம்! ஆகச் சிறந்த தொடக்கச் சீட்டான ஏஸ் ஜோடியே கிங் ஜோடியிடம் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று தோற்கும்.

ஆனால் கணக்கைக் காட்டி நம்மை நாமே மன்னித்துக்கொள்ளவும் கூடாது. மேஜையில் முன்னால் இருந்த பணம் முழுக்கப் போன ஒவ்வொரு கையையும் எழுதுங்கள்: பணம் உள்ளே போனபோது யார் சீட்டு முன்னால், மணி என்ன. என் 11-இல் ஏழு முறை நான்தான் முன்னால் இருந்தேன். மீதி நாலும் எரிச்சலில் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாகப் பணம் போட்டவை, நாலுமே நள்ளிரவுக்குப் பிறகு. அதிலிருந்து பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறேன், இரண்டு பை-இன் போனாலும் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் அடுத்த சீட்டு நல்லதாக வரும் என்றில்லை. மூன்றாவது பை-இன் வாங்கும்போது நான் நானாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

மேலே ஏறுவதற்கும் ஒரு எண் வேண்டும். எனக்கு 9,000. ஆகஸ்டில்தான் அது திரும்ப வந்தது. அன்றைக்கு 1/3-இல் இடம் காலியில்லை, சரி என்று 1/2-லேயே உட்கார்ந்தேன்.