ஸ்டேஷன், கமிட்டி, கோர்ட்: குழந்தை வதை வழக்கு எப்படி நகரும்?

"கேஸ் குடுத்தா புள்ளையத் தூக்கி ஹோம்ல போட்ருவாங்களாமே?" வட சென்னையில் வியாசர்பாடியோ காசிமேடோ, எந்தத் தெருவில் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இந்தப் பயத்தாலேயே பாதிப் புகார்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. உண்மையில் இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்ப்பது குழந்தைகள் நலக் குழு. தப்பு செய்தவருக்குத் தண்டனையா விடுதலையா என்று சொல்வது நீதிமன்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றம் என்றால் 2012-ம் வருட போக்சோ சட்டம். அடித்து வதைப்பது, பட்டினி போடுவது, பூட்டிவைத்துவிட்டுப் போவது, கவனிக்காமல் கைவிடுவது எல்லாம் 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் வரும். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பார்த்துக்கொள்ள வேண்டிய விடுதி, இல்லம் போன்ற இடத்து ஊழியரே செய்தால் ஐந்து வருடம் வரை போகும்.

வறுமை குற்றமில்லை. அப்பா கடலுக்குப் போயிருக்க, அம்மா வீட்டு வேலைக்குப் போக, பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்பதற்காக யார் மேலும் கேஸ் வராது.

படி 2: சொல்லுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது. நேரில் போவதென்றால் உங்கள் ஏரியா அனைத்து மகளிர் காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பப் பார்த்தால் அசையாதீர்கள். எல்லை எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு, பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை. சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும், வழக்குப் பதிவு அல்ல) கையில் கொடுத்து "கூப்பிடுறோம், போங்க" என்றாலும் திரும்பாதீர்கள். போக்சோ புகாருக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது போக்சோவில் தனிக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. டியூஷன் டீச்சருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும்கூட இது பொருந்தும்.

படி 3: குழந்தையின் வாக்குமூலம்

அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாத இடம் இதுதான். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ, அதற்குப் பிடித்த வேறு இடத்திலோ வைத்துப் பேசலாம். வருகிற போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, கூடியவரை எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. நம்பிக்கையான ஒருவர் கூடவே இருக்கலாம்.

பிறகு மாஜிஸ்ட்ரேட் முன்னால் இன்னொரு வாக்குமூலம். குழந்தை சொல்கிற வார்த்தையே பதிவாக வேண்டும். "அந்த அங்கிள் இங்க கை வெச்சாரு" என்றால் அப்படியே. பெரியவர்கள் பாஷையில் திருத்தக் கூடாது. அதனால் முதல் நாள் ராத்திரி உட்காரவைத்து "இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும்" என்று பாடம் நடத்தாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் தேடுவது அந்த மனப்பாடத்தைத்தான்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரி. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள்.

படி 4: குழந்தைகள் நலக் குழு

போக்சோ புகார் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இந்தக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதிகாரம் மாஜிஸ்ட்ரேட்டுடையது என்றாலும், கோர்ட் மாதிரிக் கூண்டு கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை வாங்கியபின் முடிவெடுப்பார்கள். பெற்றவர்களிடமே அனுப்பிக் கண்காணிக்கலாம், பெரியம்மாவிடமோ பாட்டியிடமோ ஒப்படைக்கலாம். வீடு பாதுகாப்பில்லை, உறவிலும் ஆளில்லை என்றால்தான் இல்லம். தகுதியுள்ள குடும்பத்துக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

உத்தரவு சரியில்லை என்று நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

படி 5: கோர்ட்

போக்சோ வழக்கில் புலன் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டு வெளியே வந்துவிடுவார். அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து விசாரணை அதிகாரியைக் கேட்டுக்கொண்டே இருங்கள், நச்சரிப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை.

சென்னை வழக்குகளை விசாரிக்கப் போக்சோ சிறப்பு நீதிமன்றம் உண்டு. விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்காதபடி திரையோ வீடியோவோ வைக்க வேண்டும். வக்கீல்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார். நடுவில் தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக இடைவேளை கேட்கலாம். அரசு வக்கீல் இருந்தாலும் உங்கள் பக்கம் தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். காசில்லை என்றால் 15100-க்கு அடியுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்யும்.

ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஆசை. வாய்தா வாய்தாவாக நகர்வதுதான் வழக்கம். ஒரு சிறுமியைப் பலர் பாலியல் வன்கொடுமை செய்ததாக 2018 ஜூலையில் வெளியே வந்த சென்னை அயனாவரம் அடுக்குமாடி வழக்கில் 15 பேர் குற்றவாளிகள் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பானது. நம் ஊர்க் கணக்கில் அது வேகம்தான். இடையில் கரையோரத்திலிருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டால் புது முகவரியை ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டால் வழக்கு அங்கேயே நிற்கும்.

பேசி முடித்துக்கொள்ளலாமா?

முடியாது. பெரியவர்கள் முன்னால் பேசி, பணம் வாங்கி, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் போக்சோ வழக்கு முடியாது. சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சமரசம் வேறு வழியில் வேலை செய்யும்: சாட்சிக் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்றால் பிறழ் சாட்சி. என் கணிப்பில், போலீஸ் சொதப்பித் தோற்கும் வழக்குகளைவிடச் சொந்தக்காரர் நெருக்கடியில் தோற்பவைதான் அதிகம். மிரட்டினால், குழைந்து பேசினாலும்கூட, உடனே விசாரணை அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

இழப்பீடு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். போட்ட பின் இடைக்காலத் தொகை கேட்டு சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் கதை முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் தரப்பே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.